ஆறுக்குட்டி அண்ணன் ஓட்டிய இரண்டு கார்கள்

ஆறுக்குட்டி அண்ணன் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் சொல்கிறேன். கூட்டுவதற்கு அவர் இடம் வைக்கவில்லை.

கோயமுத்தூர் ரேஸ் கோர்ஸில் ஒரு மில் முதலாளியின் பங்களா. அவரிடம் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் உண்டு. சிவப்பு, இத்தாலிக்காரன் செய்தது. மஞ்சள், ஜெர்மன்காரன் செய்தது. ஊட்டியில் நடக்கிற கார் கண்காட்சிக்கு இரண்டையும் கொண்டுபோக ஆள் வேண்டும், பிடித்துப்போனால் வீட்டு டிரைவராகவே வைத்துக்கொள்வார்கள் என்று ஆக்டிங் டிரைவர்களிடையே பேச்சு வந்தது. காலை பத்து மணிக்கு எதிர் பேக்கரியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். நான், ஸ்கூல் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த சாந்தாமணி, ஆறுக்குட்டி அண்ணன்.

சாந்தாமணியின் பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்கள். ரெண்டு மாதமாக வேலை இல்லை. எனக்கும் வாரத்தில் நாலு நாள் வண்டி கிடைக்காது. அதனால் நாங்கள் இருவரும் பங்களா கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அண்ணன் தேங்காய் பன்னை டீயில் நனைத்தபடி, "நீங்க ரெண்டு பேரும் எதுக்கு வெயில்ல வந்தீங்க?" என்றார். "அந்த வண்டிக ரெண்டும் எம்பட கை பட்டதுதான். போன தை மாசம் மொதலாளியே சாவியக் குடுத்து, 'ஆறுக்குட்டி, எது நல்லா ஓடுதுன்னு பாத்துச் சொல்லு'ன்னாரு."

"எதுங்ணா நல்லா ஓடுச்சு?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"அப்படிப் பொசுக்குனு சொல்ல முடியாது தம்பி. செவப்பு இருக்குதே, அதுக்கு ஸ்டீரிங்கே வேண்டாம். நெனச்சாப் போதும், திரும்பிரும். காந்திபுரம் சிக்னல்ல நிக்கறேன், மனசுக்குள்ள லேசா பிரியாணி நெனப்பு வந்துச்சு. அவ்வளவுதான். வண்டி நேரா பிரியாணிக் கடை வாசல்ல போயி நிக்குது. தும்முனாலே லேன் மாறிரும். அதுல ஏறும்போது மனச சுத்தமா வெச்சுக்கோணும்."

"அப்ப நீங்க ஏறுனதே தப்புங்ணா" என்றாள் சாந்தாமணி.

அண்ணன் காதில் வாங்கவில்லை. "மஞ்ச அப்படியில்ல. ஜெர்மன்காரன் பாரு, கண்டிசன் ஜாஸ்தி. சொன்னாத் திரும்பும். ஆனா எதுக்குத் திரும்பறேன்னு கேக்கும். வேலையாத்தான் போறேன்னு நாம பதில் சொன்னாத்தான் மறுபடி நகரும்."

"தமிழ்லயா கேக்கும்?"

"எடுத்த எடுப்புல ஜெர்மன்ல கேட்டுச்சு. ஒக்கடம் தாண்டறதுக்குள்ள தமிழ் பழகிக்கிச்சு."

பேக்கரிக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து எங்கள் பக்கம் வந்து நின்றார். கேட்க ஆள் கூடினால் அண்ணனுக்குக் கியர் மாறிவிடும். மாறியது.

"வண்டியோட கொணம் வளைவுலதான் தெரியும்னுட்டு, மேட்டுப்பாளையம் தாண்டி குன்னூர் ரோட்டுல ஏத்துனேன். செவப்பு வளையற வளைவு இருக்குதே, அம்மாடி! ஒரு கொண்டை ஊசியில ஒடிச்சுத் திருப்பறேன், முன்னாடி ஒரு செவப்பு வண்டி வழிய மறிச்சுட்டுப் போவுது. ஆரன் அடிக்கறேன், ஒதுங்க மாட்டேங்கறான். கோவத்துல நம்பர் பிளேட்டப் பாத்தா, எம்பட வண்டி! அவ்வளவு சுருக்கா வளைஞ்சதுல எம்பட முதுகுக்கு நானே பின்னாடி வந்துட்டேன்."

"அப்பறம்?"

"அப்பறமென்ன, மரியாதையா ஒதுங்கி எனக்கு நானே வழி விட்டேன்."

"மஞ்ச?"

"மஞ்சளுக்கு ரோட்டுல பிடிப்பு ஜாஸ்தி. அது வளையவே இல்ல. அது பாட்டுக்கு நேராப் போச்சு, ரோடு நிமிந்து குடுத்துருச்சு. பதினாலு கொண்டை ஊசியில இப்ப பன்னெண்டுதான் மிச்சம்."

"போன வாரம் எங்க சித்தி ஊட்டுக்கு அந்த வழியிலதான் போனேன்" என்றாள் சாந்தாமணி. "பதினாலும் அங்கேயேதான் இருக்குது."

"கவர்மெண்ட்டுல ஆள் வெச்சுத் திரும்ப வளைச்சு வெச்சுட்டாங்க அம்முணி. அந்தச் செலவ எங்கிட்டக் கேக்காம விட்டாங்களேன்னு இருக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஆள் பங்களா மேனேஜரிடமும் இதே மாதிரி பேசி வேலையைத் தட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். பங்களாக்காரர்களுக்கு உண்மையைவிட வாய் பிடிக்கும் என்று பல இடத்தில் பார்த்திருக்கிறேன்.

"ஆனா இதெல்லாம் நாயமான ஒப்பீடு இல்ல பாரு" என்று அண்ணன் தொடர்ந்தார். "ஒண்ண ஓட்டி முடிச்சுட்டு இன்னொண்ண ஓட்டுனா, அதுக்குள்ள வெயில் மாறிரும், டயர் சூடு மாறிரும். அதனால ரெண்டையும் ஒரே நேரத்துல ஓட்டுனேன்."

பேக்கரிக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"செவப்ப நேர் ரோட்டுல விட்டுட்டு ஜன்னல் வழியா மஞ்சளுக்குத் தாவறது. மஞ்சள வளைவுல விட்டுட்டு செவப்புக்குத் தாவறது. கியரு இங்க, பிரேக்கு அங்க."

"சீட் பெல்ட்டுங்ணா?" என்றேன்.

"ரெண்டுலயும் போட்டிருந்தனே! கல்லாறு கிட்ட வர்றேன், ரோட்டுக்கு நடுவுல ஒத்த யானை. தந்தம் ரெண்டும் இந்தச் சுவத்துல இருந்து அந்தச் சுவரு வரைக்கும். செவப்பு தாழ்வான வண்டியா, சர்ருனு யானைக்கு அடியில பூந்து அக்கட்டால போயிருச்சு. மஞ்ச யானைய ஏழு சுத்து சுத்துச்சு. வண்டியப் பாக்கோணும்னு யானையும் கூடவே சுத்தி, கெறக்கம் வந்து ரோட்டோரமா உக்காந்துருச்சு. நான் எறங்கி அதுக்கு ஒரு சோடா வாங்கிக் குடுத்துட்டுத்தான் வந்தேன்."

அந்த நேரத்தில்தான் பங்களா மேனேஜர் நஞ்சப்பன் ரோட்டைக் கடந்து பேக்கரிக்குள் வந்தார். எங்கள் மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஹெவி லைசென்ஸ் யாருகிட்டங்க இருக்குது?"

சாந்தாமணி கையைத் தூக்கினாள்.

"வண்டிய ஏத்திட்டுப் போற லாரிய நீ ஓட்டிக்கம்மா. ஊட்டியில பத்திரமாக் கொண்டு சேத்தீன்னா வீட்டு டிரைவர் வேலையப் பத்தி ஐயாகிட்டப் பேசறேன்."

அவள் சட்டென்று எழுந்து நின்றாள். ரெண்டு மாதத்தில் அவள் முகத்தில் வெளிச்சத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எங்களுக்குங்க?" என்றேன்.

"கார லாரி வரைக்கும் தள்றதுக்கு."

"தள்றதுக்கா? ஓட்ட வேண்டாமுங்களா?"

"எங்கிருந்துங்க ஓட்டறது?" நஞ்சப்பன் சலித்துக்கொண்டார். "வாங்குன அன்னைக்கே நம்ம கேட்டு முன்னாடி இருக்கற வேகத்தடையில ரெண்டும் அடி தட்டிருச்சு. கீறல் உழுந்துரும்னு ஐயா போர்வையப் போட்டு மூடுனவருதான். பேட்டரி செத்து மூணு வருசமாச்சு. மொத ஆயுத பூஜைக்கு டயருக்கடியில வெச்ச எலுமிச்சம்பழம் இன்னும் நசுங்காம அப்படியே காஞ்சு கெடக்குது. சொந்தக்காரங்க வந்தாப் போர்வைய எடுத்துக் காட்டுவாரு. அதுக்குத்தான் வாங்குனதே."

சாந்தாமணி மெதுவாக அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"போன தை மாசம் குன்னூருக்கு ஏத்துனேன்னீங்களேங்ணா?"

அண்ணன் மீதி டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். கிளாஸை வைத்தார். வாயைத் துடைத்தார்.

"நான் எஞ்சினப் போட்டேன்னு எப்பம்மா சொன்னேன்? இந்த மாதிரி வண்டிகளுக்கு எஞ்சினெல்லாம் சும்மா, அழகுக்கு. ஸ்டீரிங்கப் பிடிக்கற விதத்துல பிடிச்சா அது பாட்டுக்கு மேட்டுல ஏறும். கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் நான் சாவியே போடல."

நஞ்சப்பன் தலையாட்டினார்.

"ரொம்ப நல்லதாப் போச்சுங்க" என்றார். "லாரித் தட்டு நாலடி ஒசரந்தான். நீங்க உள்ள உக்காந்து ஸ்டீரிங்கப் பிடிங்க. நாங்க கையக் கட்டிட்டு நிக்கறோம்."