எதிரி இல்லாமல் நடந்த சண்டை

வெகு காலத்துக்கு முன்னால் வேங்கைநாட்டை நெடுங்கோ என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்ன ஆண்டான், பாதி நாள் கட்டிலில் கிடந்து கத்தினான். காய்ச்சல், மூட்டெல்லாம் வீக்கம். லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய்.

வைத்தியர் ஆதனார் நாடி பார்த்தார். "வெளி விஷம் எதுவுமில்லை, அரசே. உடம்பைக் காக்கும் காவல் அணுக்களே வெறிபிடித்து உடம்பைத் தாக்குகின்றன. அவற்றைத் தணிக்க வேண்டும்."

காவல்படைத் தலைவன் விழுப்பரையனுக்கு வைத்தியரைக் கண்டாலே ஆகாது. "காவலைத் தணிப்பதா? துரோகப் பேச்சு! இது எதிரி வைத்த விஷம். காவலுக்கு வலுவேற்றும் லேகியம் கொடுங்கள்!"

கொடுத்தார்கள். வீக்கம் இரண்டு மடங்கானது. "பார்த்தீர்களா, வைத்தியன் விஷம் வைத்துவிட்டான்!" என்றான் விழுப்பரையன்.

"காலையில் அவனைக் கழுவில் ஏற்றுங்கள்!" என்றான் ராஜா.

மந்திரி கூத்தரையர் தலையில் அடித்துக்கொண்டார். எத்தனை தடவை சொல்வது? சொல்லி ஏறாத மண்டைக்குக் காட்டத்தான் வேண்டும்.

விழுப்பரையன் வைத்த வழக்கம் ஒன்று அரண்மனையில் இருந்தது. ஒரு காவலாளி கொம்பு ஊதினால், கேட்டவனெல்லாம் தானும் ஊதவேண்டும். சத்தம் வந்த பக்கம் ஓடி, கண்ணில் பட்டதை அடிக்கவேண்டும். நிறுத்துவதற்கு வழி? அதை யோசிக்கவே இல்லை, மகாபுத்திசாலி.

காலையில் ராஜாவைக் கட்டிலோடு சபைக்குத் தூக்கி வந்தார்கள். மந்திரி ஒரு கொம்பை எடுத்து ஊதினார். அவ்வளவுதான். நாலு வாசலிலும் கொம்புகள் அலறின. தடதடவென்று படை புகுந்தது. தூணை அடித்தார்கள், பாயசப் பானையை உடைத்தார்கள். "அடேய், நான் உங்கள் தலைவனடா!" என்ற விழுப்பரையனுக்கும் முதுகில் நாலு விழுந்தது. மந்திரியின் ஆட்கள் ஒவ்வொரு கொம்பிலும் துணியைத் திணித்த பிறகே அமளி அடங்கியது.

"எதிரி எங்கே?" என்றான் ராஜா.

"ஒருவனும் இல்லை. நான்தான் ஊதினேன்."

"அப்புறம் எதற்கு இத்தனை அடி?"

"அதைத்தானே வைத்தியர் தொண்டை கிழியச் சொன்னார்! உங்கள் உடம்புக்குள்ளும் இதே கூத்துதான். ஓர் அணு கூப்பிட்டது, மற்றதெல்லாம் ஓடிவந்தது, வீங்கியது உங்கள் மூட்டு. இந்த விழுப்பரையன் லேகியம் கொடுத்து இன்னும் ஆள் சேர்த்தான்."

"அப்படியானால் காவல் மொத்தத்தையும் வெட்டு!"

மந்திரி கண்ணை மூடித் திறந்தார். "நிஜத் திருடன் வந்தால் யார் காப்பது? ஆளை வெட்டவேண்டாம் அரசே, கூப்பாட்டை அடைத்தால் போதும். வைத்தியர் மருந்து அதைத்தான் செய்யும்."

ராஜா மருந்தை விழுங்கினான். நோய் போய்விடவில்லை, ஆனால் அடங்கியது, வீக்கமும் வடிந்தது. ஆதனாருக்குப் பொன்னாரம் போட்டான். விழுப்பரையனைப் பதவியிலிருந்து இறக்கி, சபையில் பானை ஓடு பொறுக்கவிட்டான்.

"உமக்கு என்ன வேண்டும், மந்திரி? ஓர் ஊரையே தரட்டுமா?"

"ஊரெல்லாம் வேண்டாம். இனிமேல் ஒரு தடவை சொன்னதும் கேளுங்கள், போதும்."

ராஜா வெகுநேரம் யோசித்தான்.

"ஊரையே வாங்கிக்கொள்ளும்" என்றான்.