பாட்டே இல்லாத படத்துக்குப் பாட்டு

சாத்தப்பன் இரண்டு சினிமாவுக்கு இசை போட்டவர். இரண்டும் ஓடவில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகு, மேடைக்கு எப்படி இசை செய்வது என்று கற்றுக்கொள்ள சென்னையை விட்டுத் தூத்துக்குடிக்கு வந்து எஸ்தரிடம் சேர்ந்தார்.

எஸ்தர் அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். நாடகக் குழு நடத்துகிறவர். நாடகம் சொல்லிக்கொடுப்பவரை வாத்தியார் என்பது மேடை வழக்கம். ஆணா பெண்ணா என்று அந்தச் சொல் பார்ப்பதில்லை. குழுவில் எல்லாருக்கும் எஸ்தர் வாத்தியார்தான். சாத்தப்பனும் வாத்தியாரே என்றுதான் கூப்பிட்டார். எஸ்தர் அவரை அண்ணே என்றார். இந்த ஏற்பாடு இருவருக்கும் பொருந்தியிருந்தது.

அந்த வருஷம் குழு ஒரு சினிமாவை மேடைக்குக் கொண்டுவர முடிவு செய்தது. படத்தின் பெயர் 'மூணாம் கேட்டு'. துறைமுகத்தின் மூன்றாவது வாசலுக்கு எதிரே டீக்கடை போட்டிருக்கும் அந்தோணியம்மாளின் கதை. அவள் புருஷன் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போன தோணியில் போனவன், திரும்பவில்லை. ஊர் என்ன சொன்னாலும் அவள் காத்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை. படம் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும், பண்டிகை தவறாமல் டிவியில் போட்டார்கள். வசனம் முழுக்க ஜனங்களுக்கு மனப்பாடம்.

இன்னொரு விசேஷமும் உண்டு. அது பாட்டே இல்லாத படம். உடைந்த தோணியின் பலகை ஒன்றைக் கொண்டுவந்து கடை வாசலில் வைக்கிற காட்சியில், அந்தோணியம்மாள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அழவும் மாட்டாள். கழுவின டீ கிளாஸையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருப்பாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர வேறு இசை கிடையாது. வாலிப வயதில் அதை தியேட்டரில் பார்த்துவிட்டுத்தான் சாத்தப்பன், எந்த இடத்தில் இசை வேண்டாம் என்று தெரிந்தவனே இசைக்காரன் என்று நண்பர்களிடம் சொல்லித் திரிந்தார்.

ஆகவே, இதை இசை நாடகமாகப் போடப்போகிறோம் என்று எஸ்தர் சொன்னபோது சாத்தப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. தன் வாழ்க்கையே இதற்காகத்தான் காத்திருந்தது என்று நினைத்தார். இரண்டே வாரத்தில் நாடகம் முழுவதற்கும் மெட்டுப் போட்டுவிட்டார். எஸ்தர் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். நடுவில் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. பிறகு, புதுப்பாட்டு எதுவும் வேண்டாம், அந்தக் காலத்தில் ஊரெல்லாம் ஓடிய வேறு படங்களின் பாட்டுகளையே எடுத்து இந்தக் கதைக்குள் வைக்கப்போகிறோம், உரிமைக்குக் கேட்க வேண்டியவர்களிடம் கேட்டாயிற்று என்றார்.

சாத்தப்பன் ஆர்மோனியத்தை மூடினார். எந்தெந்தப் பாட்டு என்று மட்டும் கேட்டார்.

எஸ்தர் சொல்லிக்கொண்டே வந்தார். டீக்கடை ரேடியோவில் பாடிய பாட்டு, பஸ்ஸில் போட்ட பாட்டு, கல்யாண வீட்டு மைக்செட்டில் தேய்ந்த பாட்டு. சாத்தப்பன் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். பலகை வரும் காட்சிக்கு எதை வைத்திருக்கிறார் என்று கேட்டபோதுதான் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எஸ்தர் வைத்திருந்தது ஒரு குத்துப்பாட்டு.

*மஞ்சச் சட்டை மச்சானே, மணி என்ன ஆச்சு?*

அதைக் கேட்டு ஆடாத கல்யாண வீடு அந்த ஜில்லாவில் கிடையாது. ஒருத்தி கேலியாக மணி கேட்பாள். ஆண்கள் கூட்டமாகப் பதில் பாடுவார்கள்.

*நீ வந்து நின்னா போதும், நேரம் நல்லதாச்சு.*

"வாத்தியாரே, அந்தப் படத்துக்குச் செய்யிற மரியாதையா இது?"

"ஏன், பாட்டுல என்ன குறை?"

"குறையை எங்கேன்னு சொல்றது? ஊர் வாயில கிடந்து எச்சிலாப் போன பாட்டு."

மறுநாள் காலை எஸ்தர், திருச்செந்தூர் வரைக்கும் ஒரு வேலை இருக்கிறது, துணைக்கு வாருங்கள் என்று அவரை பஸ்ஸில் கூட்டிப்போனார்.

ஆத்தூர் தாண்டினதும் டிரைவர் பாட்டுப் போட்டார். நாலைந்து பாட்டுக்கு அப்புறம் அதே மஞ்சச் சட்டை வந்தது. சாத்தப்பன் எஸ்தரைப் பார்த்தார். அவர் ஜன்னல் வழியே வாழைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன் சீட்டில் கல்லூரிப் பெண்ணின் உதடு தானாக அசைந்தது. கம்பியைப் பிடித்து நின்ற பெரியவரின் விரல் அந்தக் கம்பியிலேயே தாளம் போட்டது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்கும்போது ஒரு சொல்லுக்கு ஒரு டிக்கெட்டாகக் கிழித்தார். பக்கத்து வரிசையில், பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த நடுவயசுப் பெண் ஒருத்தி மட்டும், பாட்டு பாதியில் இருக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். பாட்டு முடிந்ததும் கூடையைச் சரிசெய்துகொண்டு சாதாரணமாக உட்கார்ந்தாள்.

பஸ்ஸைவிட்டு இறங்கியதும் சாத்தப்பன் கேட்டார்.

"கவனிச்சீங்களா? அந்தப் பூக்காரம்மா ஏன் அழுதாங்க?"

"எனக்கென்னண்ணே தெரியும்? பாட்டுக்குத்தான் தெரியும்."

திருச்செந்தூரில் எஸ்தருக்கு ஒரு வேலையும் இருந்ததாகத் தெரியவில்லை. கடற்கரையில் கொஞ்சம் நடந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார்கள்.

ஆனாலும் சாத்தப்பன் சமாதானமாகவில்லை. ஒத்திகையில் அந்தக் காட்சி வந்தது. அந்தோணியம்மாளாக நடித்தவள் இசக்கி. துணிக்கடையில் வேலை பார்க்கிறவள். கணீரென்ற குரல். பலகையை வைத்ததும் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு, *மஞ்சச் சட்டை மச்சானே* என்று தொடங்கினாள். சுற்றி நின்ற நடிகர்கள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். இசக்கியும் சிரித்துவிட்டாள். பிறகு எவ்வளவு முயன்றும் அன்றைக்கு அவளால் அந்தக் காட்சியை நடிக்க முடியவில்லை.

சாத்தப்பன் எழுந்து வந்தார். இந்த ஒரே ஒரு இடத்துக்குத் தன் பாட்டை முயன்று பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். குரலில் கெஞ்சல் இருந்தது. எஸ்தர் உடனே சரி என்றார்.

அது ஒப்பாரியின் சாயலில் அவர் உருகி உருகிப் போட்ட பாட்டு. இசக்கி இரண்டு நாளில் பாடம் பண்ணினாள். மூன்றாம் நாள் பாடியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் தலைகுனிந்து கேட்டார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள். சாத்தப்பன் நிமிர்ந்து எஸ்தரைப் பார்த்தார். எஸ்தரும் தட்டிக்கொண்டிருந்தார்.

"அழகா இருக்குண்ணே. பொய் சொல்லலை, நிஜமாவே அழகா இருக்கு."

"அப்போ வச்சுக்கலாமா?"

"எல்லாரும் பாட்டைப் பாத்தாங்க. அந்தோணியம்மாளை ஒருத்தரும் பாக்கலையே."

சாத்தப்பன் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினார். சென்னைக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. எஸ்தர் தடுக்கவில்லை, ஆளும் அனுப்பவில்லை. பெட்டி கட்டி முடித்த பிறகுதான், தான் இல்லாவிட்டால் அந்தப் பாட்டை வேறு யாராவது டமடமவென்று வாசித்துப் படத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிடுவார்கள் என்ற பயம் வந்தது. அந்தப் பயத்தில்தான் ஒத்திகைக்குத் திரும்பினார். எஸ்தர் எதுவும் நடக்காததுபோல, ஆர்மோனியத்தை இன்னும் கொஞ்சம் மேடைக்குப் பக்கமாக நகர்த்திப் போடுங்கள் என்றார்.

அரங்கேற்றத்தன்று மண்டபம் நிறைந்துவிட்டது. துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்கள், தோணிக்காரக் குடும்பங்கள், உப்பளத்திலிருந்து வேனில் வந்தவர்கள். தொடங்குவதற்கு முன்னால் எஸ்தர் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். பலகைக் காட்சியில் தாளம் வேண்டாம், ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும் என்றார்.

"முதல் வரிக்கு மேல இசக்கி பாடமாட்டா. நான் சொல்லியிருக்கேன். நீங்க கையை எடுத்துராதீங்க."

"பாடலைன்னா? அப்புறம் என்ன?"

"கையை எடுத்துராதீங்க."

நாடகம் தொடங்கியது. சாத்தப்பன் பயந்தது அப்படியே நடந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் விசில் பறந்தது. வசனத்தை நடிகர்கள் சொல்வதற்கு முன்னால் ஜனங்கள் சொன்னார்கள். டீக்கடையில் கடன் சொல்கிற காட்சியில் முன்வரிசைக்காரர் ஒருவர் எழுந்து நின்று முழு வசனத்தையும் தானே பேசி முடித்துவிட்டு உட்கார்ந்தார். இது நாடகமா, கோயில் கொடையா என்று சாத்தப்பனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பலகை வந்தது. கொண்டுவந்தவன் அதைக் கடை வாசலில் வைத்துவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். இசக்கி பார்த்தாள். திரும்பினாள். கிளாஸைத் தண்ணீரில் முக்கினாள். சாத்தப்பன் அந்த ஒரு சுரத்தை அழுத்தினார்.

*மஞ்சச் சட்டை மச்சானே... மணி என்ன ஆச்சு?*

பாடினாள் என்றுகூடச் சொல்லமுடியாது. கேட்டாள். பின்வரிசையில் ஒரு விசில் பாதி கிளம்பி அப்படியே நின்றது. இசக்கி அடுத்த வரிக்குப் போகவில்லை. கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மண்டபம் அமைதியானது. இந்த வெறுமையை நிரப்பச் சாத்தப்பனிடம் எத்தனையோ வழி இருந்தது. ஒரு சின்ன இழுப்பு போதும். கையை எடுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போது கீழே, இருட்டுக்குள்ளிருந்து, ஒரு பெண்குரல் வந்தது. பாட்டுக்காரியின் குரல் இல்லை. கரகரத்த, சுருதி சேராத குரல்.

*நீ வந்து நின்னா போதும்...*

அவ்வளவுதான் அவளால் முடிந்தது. மிச்சத்தைப் பக்கத்திலிருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அடுத்த வரிசை. பிறகு ஆண்கள். யாரும் உரக்கப் பாடவில்லை. ஜெபம் சொல்கிற மாதிரி தாழ்ந்த குரலில், அவசரமே இல்லாமல், மண்டபம் முழுவதும் அந்தக் குத்துப்பாட்டைப் பாடியது. இசக்கி கிளாஸோடு திரும்பி அவர்களைப் பார்த்தாள். மறுபடியும் மணி கேட்டாள். மறுபடியும் பதில் சொன்னார்கள்.

சாத்தப்பன் காலமெல்லாம் கேட்ட பாட்டு அது. *நின்னா* என்கிற இடத்தில் மெட்டு ஒரு படி சறுக்கி இறங்குவதை அன்றைக்குத்தான் கேட்டார். ஆட்டத்தின் வேகத்தில் யாருக்கும் தெரியாத சறுக்கல். அழப்போகிறவள் மூச்சைப் பிடிப்பது போன்ற ஒரு சறுக்கல். யாரோ ஒரு இசையமைப்பாளர், ஏதோ ஒரு மத்தியானம், தயாரிப்பாளர் வாசலில் நிற்க, அவசரத்தில் போட்ட பாட்டாக இருக்கும். இதை அதற்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். முகம் தெரியாத அந்த மனிதரை நினைத்தபோது சாத்தப்பனுக்கு ஆர்மோனியக் கட்டைகள் கண்ணுக்குத் தெரியாமல் போயின. கையை மட்டும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் ஒரு பக்கம், சாத்தப்பன் ஒரு பக்கம். பாதி மண்டபம் முடிந்தது.

"வாத்தியாரே, அவங்க பாடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பாடாம இருந்திருந்தா?"

"அவ தனியா நின்னிருப்பா. கதைப்படி அவ தனிதானேண்ணே."

சாத்தப்பன் கையிலிருந்த நாற்காலியை அடுக்காமல் அதிலேயே உட்கார்ந்துவிட்டார். எஸ்தர் மிச்ச நாற்காலிகளைத் தானே அடுக்கி முடித்தார்.

அதற்குப் பிறகு மதுரை, நாகர்கோவில் என்று நாடகம் பல ஊர் போனது. சில ஊரில் ஜனங்கள் பாடினார்கள். ஓர் ஊரில் ஒருவரும் பாடவில்லை. அந்தச் சுரத்தோடு, இசக்கி கிளாஸ் கழுவும் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. வாலிபத்தில் தியேட்டரில் கேட்டதைவிட அது பெரிதாக இருந்ததாகச் சாத்தப்பனுக்குப் பட்டது. எந்த ஊரிலும் அவர் அந்த ஒரு சுரத்துக்கு மேல் வாசிக்கவில்லை.

மழைக்காலம் வந்து குழு ஓய்வில் இருந்தபோது, அவர் ஒரு பாட்டுப் போட்டார். யாரும் கேட்டுப் போட்டதல்ல. சின்ன மெட்டு. ஒரு தடவை கேட்டால் யாரும் முனகிவிடலாம். அதை எஸ்தர் வீட்டில் வைத்துப் பாடிக் காட்டினார். அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எஸ்தர் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, இன்னொரு தரம் பாடச் சொன்னார். மூன்றாவது தரம் அவரும் கூடப் பாடினார். அவர் கண்ணில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துச் சாத்தப்பனுக்குத் துணிச்சல் வந்தது.

"இதை நம்ம அடுத்த நாடகத்துல வச்சுக்கலாமா?"

"ரொம்ப நல்ல பாட்டுண்ணே. ஆனா இப்போ வேண்டாம்."

"வேற எப்போ?"

"முதல்ல ஊருக்குள்ள விடுங்க. நாலு கல்யாணம், நாலு சாவு பாத்துட்டு வரட்டும். அப்புறமா நான் வந்து கேட்டு வாங்கிக்கிடுதேன்."