சுவரில் மாட்டிய வாளை

முன்பு எப்போதோ, பெரிய ஏரி ஒன்றின் கரையில் இருந்த நாட்டைக் கனகவேளன் என்ற மன்னர் ஆண்டுவந்தார். அவருக்கு ஒரே மகள், பவளவல்லி. தாயில்லாப் பெண். ஓய்வு கிடைத்தால் போதும், தந்தையும் மகளும் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவார்கள்.

மலைக்கு அப்பால் உள்ள நாட்டின் இளவரசனுக்குப் பவளவல்லியைக் கட்டிக்கொடுத்தார்கள். கணவன் வீட்டுக்குப் புறப்படும் நாளன்று விடிந்ததும் அவள் தந்தையிடம் வந்தாள்.

"அப்பா, ஒரு தரம் ஏரிக்குப் போயிட்டு வந்துடலாமா?"

அன்று இரண்டாம் மந்திரி கேசவராயர் புழுச்சட்டியோடு கரையில் நிற்க, ஆளுயர வாளை மீன் ஒன்று சிக்கியது. தலைப்பக்கம் மன்னரும் வால்பக்கம் மகளுமாகப் பிடித்துத் தூக்கிக் கரையேறினார்கள். வால் துள்ளி அவள் முகத்தில் அறைந்தது. அவள் சிரித்த சிரிப்பு அக்கரை வரை கேட்டது. நண்பகலில் பல்லக்கு ஏறிப் போய்விட்டாள்.

மாலையில் சமையற்காரர் சபைக்கு வந்து, "அரசே, மீனைக் குழம்பு வைக்கவா, வறுக்கவா?" என்று கேட்டார். மன்னருக்குச் சுருக்கென்றது.

"அதைச் சமைக்கக் கூடாது. என் சுவரில் மாட்ட வேண்டும். காலையில் இருந்தது போலவே இருக்க வேண்டும். ஒரு குறையும் இருக்கக் கூடாது."

செத்த மீன் எப்படி அப்படியே இருக்கும்? சபையில் எல்லோரும் விழித்தார்கள். கேசவராயருக்கு மட்டும் மனம் குளிர்ந்தது. அரண்மனை விகடன் அம்பலவாணன் மேல் மன்னர் வைத்திருந்த பிரியம் வெகுநாளாக அவர் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது.

"அம்பலவாணரால் முடியாததா, அரசே? முடியாவிட்டால் அவர் இந்த நாட்டில் இருந்து என்ன பயன்? வேறு ஊர் பார்த்துக்கொள்ளட்டும்."

துயரத்தில் இருந்த மன்னர் யோசிக்கவில்லை. "அப்படியே ஆகட்டும். பௌர்ணமிக்குள் முடிந்தாக வேண்டும்" என்றார்.

"காலையில் இருந்தது போலவேதானே, மன்னா?" என்று கேட்டுக்கொண்டான் அம்பலவாணன்.

"அப்படியேதான்."

அவன் மீனை வீட்டுக்குக் கொண்டுபோய், வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்தான். உப்பும் மஞ்சளும் தேய்த்து, வைக்கோல் அடைத்துத் தைத்து, நிழலில் காயவைத்தான்.

"நாத்தம் குடலைப் புரட்டுது. எப்படியும் ஊரை விட்டுத் துரத்தத்தான் போறாங்க. இப்பவே கிளம்பிடலாமா?" என்றாள் அவன் மனைவி.

மன்னரோ தினமும் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தார். தூண்டிலில் இரைகூட மாட்டுவதில்லை. ஒருநாள் மெதுவாக, "ஒரு நடை போய் மகளைப் பார்த்துவிட்டு வந்தால் என்ன?" என்று கேட்டார்.

"அழைப்பில்லாமல் சம்பந்தி வாசலை மிதிப்பதா? அரச வழக்கம் இடம் கொடுக்காது, அரசே" என்றார் கேசவராயர். மன்னர் தலைகுனிந்துகொண்டார். அருகில் இருந்த அம்பலவாணன் அதையும் கேட்டுக்கொண்டான்.

பௌர்ணமியன்று சபையில் துணியை விலக்கினான். பலகையில் பொருத்திய வாளை எண்ணெய் பூசியதில் பளபளத்தது. கண்களில் பளிங்கு மணிகள் மின்னின. மன்னர் அருகில் வந்து வாலைத் தொட்டார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"அழகாக இருக்கிறது. ஆனால் அன்று இருந்த மீன் இது இல்லை" என்றார்.

"கேட்டீரா? மூட்டையைக் கட்டும்!" என்றார் கேசவராயர்.

"மன்னர் சொல்வது சரிதான்" என்றான் அம்பலவாணன். "அன்று இந்த வாலை இளவரசியார் பிடித்திருந்தார். இப்போது பிடிக்க ஆளில்லை. அந்தக் குறையைத் தீர்க்க மீனை மலைக்கு அப்பால் கொண்டுபோக வேண்டும்."

"தாராளமாகக் கொண்டுபோம்" என்றார் கேசவராயர்.

"தலையை மன்னர் அல்லவா பிடித்திருந்தார்? நான் பிடித்தால் அன்றுபோல ஆகுமா?"

"அழைப்பில்லாமல் மன்னர் போவதா!"

"மன்னர் எங்கே போகிறார்? மீன் போகிறது. மன்னர் தலையைப் பிடித்துக்கொண்டு வருகிறார், அவ்வளவுதான். மீனுக்கு அழைப்பு வேண்டும் என்று எந்த வழக்கம் சொல்கிறது, மந்திரியாரே? அதுசரி, அன்று புழுச்சட்டியோடு கரையில் நின்றது தாங்கள்தானே? சட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்."

மன்னரின் முகத்தில் பல நாளுக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. "வண்டியைப் பூட்டுங்கள்!" என்றார்.

சம்பந்தியின் கோட்டை வாசலில் காவலர்கள் வாய்பிளந்து நின்றார்கள். முன்னால் மீன் தலையைப் பிடித்தபடி ஒரு மன்னர், பின்னால் பலகையைத் தாங்கியபடி ஒரு விகடன், கடைசியில் மூக்கைப் பொத்திக்கொண்டு புழுச்சட்டியோடு ஒரு மந்திரி. செய்தி எட்டியதும் பவளவல்லி வெறுங்காலோடு ஓடிவந்தாள்.

"அப்பா! இது நம்ம வாளையா? ஏன் இப்படி விறைச்சுக்கிட்டு நிக்குது?" என்று சிரித்தவள், வாலைப் பிடித்த கையை விடாமலே அழுதாள். "தினமும் மாடத்துல நின்னு மலையையே பார்த்துக்கிட்டிருந்தேன்ப்பா. பொறந்த வீட்டுலேருந்து அழைப்பு வராம நான் போகக் கூடாதாம், அதுதான் வழக்கம்னு இங்கே சொன்னாங்க."

"எனக்கு அழைக்கத் தோன்றவே இல்லையே, அம்மா" என்றார் மன்னர். அவருக்கும் கண் நிறைந்துவிட்டது.

அம்பலவாணன், "இப்போது அன்றுபோல இருக்கிறதா, மன்னா?" என்று கேட்டான்.

"இருக்கிறது, இருக்கிறது."

"அப்படியானால் இதை இங்கேயே மாட்டிவிடலாம். வைக்கோல் அடைத்த மீன். பூச்சி அரிக்கிறதா, நிறம் மங்குகிறதா என்று தாங்கள்தான் அடிக்கடி வந்து பார்த்துக்கொள்ள வேண்டும்."

மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். தம் தோள்வளையைக் கழற்றி அம்பலவாணன் கையில் மாட்டினார். அந்த ஆண்டு மழை பிடிப்பதற்குள் அந்த மீனில் எத்தனை முறை பூச்சி விழுந்ததோ! ஒவ்வொரு முறையும் மன்னரே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.