ஏழாம் வளைவு வாக்குமூலம்

கார் பந்தயத்தில் கொடி காட்டுகிறவர்களுக்குப் பாடம் சொல்லித் தந்து, பந்தய நாளில் அவர்களை வளைவுகளில் நிறுத்துகிறவர் ஜெசிந்தா. எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் படித்த கோதண்டம் அவரைவிடப் பத்து வயது மூத்தவர்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் அர்ஷத் என்கிற பையன் ஏழாம் வளைவில் மோதி இறந்துபோனான். அந்த வளைவில் கொடியோடு நின்றவர் கோதண்டம்தான்.

புதன்கிழமை காலையில் கோதண்டம் ஒரு தாளோடு மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். மாஸ்டர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே அது?”

“பந்தயம் நடத்தினவங்களோட வக்கீல் டைப் பண்ணிக் குடுத்தாரு மாஸ்டர். கையெழுத்துப் போட்டு பதினோரு மணிக்கு ஸ்டேஷன்ல குடுக்கணுமாம்.”

மாஸ்டர் ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தார். ஒரே ஒரு வரி. ‘அர்ஷத்தின் மரணத்துக்கு முழுக்க முழுக்க என் கவனக்குறைவே காரணம்.’

“போட்டா ஜெயில், தெரியுமில்ல?”

“தெரியும். அங்க போனாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.”

“அங்க கொசு ஜாஸ்திண்ணே.”

கோதண்டம் சிரிக்கவில்லை.

“நீங்களே சொல்லுங்க மாஸ்டர். அந்தப் பையனைக் கொன்னது நான்தான?”

மாஸ்டர் உள்ளே போய் ஒரு பேனா எடுத்து வந்தார். தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி வைத்தார்.

“நீங்க என்ன செஞ்சீங்களோ அதை எழுதுங்க.”

கோதண்டம் குனிந்து எழுதினார். ரொம்ப நேரம் ஆனது.

‘ஒரு கார் சுழன்று பாதை நடுவில் நின்றுவிட்டது. நான் அந்த நேரம் முன்னால் போன இரண்டு கார் ஒன்றையொன்று முந்துவதை வேடிக்கை பார்த்தேன். வேகத்தைக் குறைக்கச் சொல்லும் மஞ்சள் கொடியை இரண்டு நொடி தாமதமாகக் காட்டினேன்.’

“கொடி பிடிக்கறவன் பந்தயம் பார்க்கக் கூடாதுன்னு மொத நாளே சொன்னீங்க. பார்த்துட்டேன் மாஸ்டர்.”

“பார்த்தீங்க. எழுதினதை அடிச்சுடாதீங்க, இருக்கட்டும். அப்புறம்?”

“கொடியைப் பார்த்ததும் பையன் பிரேக் போட்டான். நின்ன காரை விட்டு ஒதுங்கிப் போயி டயர் சுவர்ல இடிச்சான்.”

“இடிச்சா தாங்கறதுக்குத்தான டயரை வெச்சிருக்கு?”

“தாங்கல. சேர்த்துக் கட்டவே இல்ல, சும்மா அடுக்கி வெச்சிருந்தாங்க. நாலா பக்கமும் உருண்டு ஓடிருச்சு. பின்னால கான்கிரீட்.”

“எழுதுங்க.”

“எழுதினா, தப்பிக்கப் பாக்கறான்னு சொல்லுவாங்க.”

“மேல மூணு வரியில நல்லா மாட்டிக்கிட்டு நிக்கறீங்க. இதுல எங்கண்ணே தப்பிக்கறது?”

கோதண்டம் எழுதிவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னோடது இவ்வளவுதானா மாஸ்டர்?”

“இவ்வளவுதான். குறைச்சலும் இல்ல.”

மூன்று நாளாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு ஒன்று அவரிடமிருந்து வெளியே வந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

“முழுசையும் நானே ஏத்துக்கறேனே. அந்தம்மாவுக்கு, புள்ளையைப் பறிகொடுத்தவங்களுக்கு, திட்டறதுக்காவது ஒரு ஆள் வேணுமில்ல?”

மாஸ்டர் தாளைத் திருப்பி, டைப் அடித்த வரியின் மேல் விரலை வைத்தார்.

“இதுல கையெழுத்து விழுந்தா கேஸ் அதோட முடிஞ்சுது. அடுத்த மாசம் மறுபடி பந்தயம். வேற ஒரு அம்மாவோட புள்ள அந்த வளைவுக்கு வருவான். டயரை யாருண்ணே கட்டியிருப்பாங்க?”

கோதண்டம் பேனாவை எடுத்து அந்த வரியை இரண்டு முறை அடித்தார். வெள்ளைப் பக்கத்தில் கீழே கையெழுத்துப் போடப் போனார்.

“இருங்க. இன்னும் முடியல.”

“வேற ஒண்ணும் இல்லையே மாஸ்டர்.”

“வளைவுக்கு ரெண்டு பேர் நிக்கணும். ஒருத்தர் வர்ற காரைப் பார்க்க, ஒருத்தர் போற காரைப் பார்க்க. அன்னிக்கு ஆள் பத்தலன்னாங்க. சரின்னு உங்களைத் தனியா நிறுத்தினது நான்.”

கோதண்டம் பதறிப்போனார்.

“ஐயோ, அதை என் கையால எப்படி மாஸ்டர் எழுதுவேன்?”

“நீங்க ஏன் எழுதறீங்க? பேனாவை இப்படிக் குடுங்க.”