நீல நாட்டுச் சம்மந்தி

ஒட்டங்குளத்துக்காரர்களிடம் ஒரே ஒரு கோளாறுதான். சொன்னால் சொன்னபடி செய்துவிடுவார்கள். மற்ற ஊர்களில் ஓர் அதிகாரி வந்து பேசினால் பாதியைக் காதில் வாங்கி மீதியைக் காற்றில் விடுவார்கள். இவர்கள் முழுவதையும் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய் யோசிக்கவும் செய்வார்கள். அங்கேதான் வினை.

அந்த ஊர்க் கல்லூரி நெடுஞ்சாலைக்கு இரண்டு பக்கமும் இருந்தது. மேற்கே வகுப்புகள், கிழக்கே மாணவர் விடுதி. விடுமுறையில் மாணவர் படைப் பையன்களுக்கு ராணுவப் பயிற்சி கொடுக்க ஒரு மேஜர் வந்திறங்கினார். சத்தம் கேட்டுப் பொதுமக்கள் பயந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் ஊரையே கல்லூரி அரங்கத்துக்கு அழைத்து, கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை சாலைக்கு மேற்கே நீல நாடு, அதுதான் நம் நாடு; கிழக்கே சிவப்பு நாடு, அது எதிரி நாடு. இரண்டுக்கும் போர். பொதுமக்கள் முழு ஒத்துழைப்புத் தர வேண்டும்.

அவர் சொன்னது கல்லூரி வளாகத்தை மட்டும்தான். ஆனால் மேஜருக்குக் கை கொஞ்சம் தாராளம். சிவப்புச் சாக்பீஸைத் தேய்த்த வேகத்தில் விடுதி மதிலைத் தாண்டிக் கிழக்குத் தெரு முழுவதும் சிவந்துவிட்டது. நீலமும் அப்படியே மேற்குத் தெருவை விழுங்கியது. அந்த ஊரை வரி கட்டச் சொல்லியிருக்கிறார்கள், ஓட்டுப் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஒத்துழைக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஊருக்கே புல்லரித்துவிட்டது.

முன்வரிசையில் இருந்த மாசிலாமணி மட்டும் படத்தில் தன் வீட்டைத் தேடினார். அவருடைய டீக்கடை மேற்கே, கல்லூரி வாசலில். வீடு, மனைவி ரத்தினம்மாள், மகள் பூங்கோதை, எருமை எல்லாம் கிழக்கே. அதுகூடப் பரவாயில்லை. பூங்கோதைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா ஏகாம்பரம் மேற்குத் தெருக்காரர், உரக்கடை முதலாளி, ஊர் நலக் குழுத் தலைவர். படம் போட்டு முடித்ததும் ஏகாம்பரம் திரும்பி மாசிலாமணியை ஒரு பார்வை பார்த்தார். காலையில் இருந்த சம்மந்தி அந்தப் பார்வையில் இல்லை.

கிழக்குத் தெருக்காரர்கள் முதலில் கொதித்தார்கள். தாங்களும் ஒழுங்காக வரி கட்டும்போது தங்களை மட்டும் எப்படி எதிரியாக்கலாம் என்று மேஜரின் கூடாரத்துக்குப் படையெடுத்தார்கள். மேஜருக்கு ஆயிரம் வேலை. அடுத்த வருஷம் உங்கள் பக்கத்தை நீலமாக்கிவிடுகிறேன், போங்கள் என்று சொல்லி அனுப்பினார். அவர்களும் சமாதானமாகித் திரும்பினார்கள். திரும்பியவர்கள் வீட்டுக்கு வீடு சிவப்புத் துணியைக் கொடியாகக் கட்டினார்கள். எதிரி என்று ஆகிவிட்டால் நல்ல எதிரியாக இருக்க வேண்டும் அல்லவா?

மேற்குத் தெருவில் தேசபக்தி டீக்கடையில் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை காலையில் யாரும் டம்ளரைத் தொடவில்லை. பால் எந்த நாட்டுப் பால் என்று ஏகாம்பரம் கேட்டார். எருமை கிழக்கே கட்டியிருப்பதை மாசிலாமணி மறைக்கவில்லை. கல்லூரி வரலாற்றுப் பேராசிரியர் திருவேங்கடம்தான் வழி கண்டுபிடித்தார்.

"பால் அவங்களுது. சரி. தண்ணி எங்க பிடிச்சீங்க, மாசிலாமணி?"

"இங்க, நம்ம குழாய்லதான் சார்."

"எவ்வளவு ஊத்துனீங்க? மறைக்காம சொல்லுங்க. நாட்டு விஷயம்."

மாசிலாமணி தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். பேராசிரியர் மனசுக்குள் கணக்குப் போட்டு, டம்ளரில் இருப்பதில் முக்கால்வாசி நீல நாட்டுச் சரக்குதான் என்று அறிவித்தார். எல்லாரும் நிம்மதியாகக் குடித்தார்கள். இத்தனை வருஷமாக இவ்வளவு தண்ணீரா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நாட்டுப்பற்று வந்துவிட்டால் நாக்கு மரத்துப்போகும்போல.

அன்று மத்தியானம் மாசிலாமணி பால் கேனோடு சாலையைத் தாண்டும்போது மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மாணவன் மரத்துப்பாக்கியை நீட்டி, "டுமீல்" என்றான். குண்டு கிடையாது, வாயால் சொல்வதுதான். மாசிலாமணி ஒத்துழைத்தார். கேனைச் சிந்தாமல் ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் விழுந்தார். கையில் வெள்ளைப்பட்டை கட்டிய நடுவர் ஓடிவந்தார். யார் எவர் என்று பார்க்காமல், இடது காலில் லேசான காயம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைச் சாகடிக்கப் போய்விட்டார். அதிலிருந்து மாசிலாமணி இடது காலை நொண்டிக்கொண்டுதான் நடந்தார். காயம் ஆறிவிட்டது என்று யாரும் சொல்லவில்லையே.

சனிக்கிழமை மகள் நினைப்பிலேயே இருந்தவர், மறதியாக வலது காலை நொண்டிவிட்டார். ஊர் நலக் குழு அதைப் பார்த்துவிட்டது. உளவாளிக்குத்தான் இரண்டு காலிலும் வேலை இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். போதாததற்கு மனிதர் பொழுது சாய்ந்தால் எதிரி நாட்டுக்குப் போய் எதிரி கையால் சாப்பிட்டுவிட்டு வருகிறார். குழு கூடியது. நிச்சயதார்த்தம் நடக்குமா நடக்காதா என்று மாசிலாமணியே நேராகக் கேட்டுவிட்டார்.

"பொண்ணு மேல ஒரு குறையும் இல்ல, சம்மந்தி. நாடுதான் சரியில்ல" என்றார் ஏகாம்பரம்.

"போன வாரம் வரைக்கும் ஒரே ஊராத்தானே இருந்தோம்?"

"அப்படி நினைச்சு ஏமாந்துட்டோம்" என்றார் பேராசிரியர். "அவங்க சாம்பார்ல வெல்லம் போடுறாங்களே, அப்பவே நான் யோசிச்சிருக்கணும். இது ஆயிரம் வருஷத்துப் பகை. இப்பத்தான் வெளியே வருது."

ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கியது. "என் பையன் அங்க வந்தா அது படையெடுப்பு. உங்க பொண்ணு இங்க வந்தா ஊடுருவல். நான் எதைன்னு பண்றது, சொல்லுங்க."

தள்ளிப்போடவும் வழியில்லை. அதைவிட்டால் நல்ல நாளே இல்லை என்று ஜோசியர் சொல்லிவிட்டார். முகூர்த்தம் தவறினால் மேற்குத் தெருவிலேயே ஒரு நீலப் பெண் இருப்பதாக ஏகாம்பரம் மெல்ல எடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு கூத்து. எதிரி வீட்டில் பாத்திரம் தேய்க்கவா பெண்ணைப் பெற்றோம் என்று கிழக்குத் தெருப் பெண்கள் ரத்தினம்மாளைக் கிளப்பிவிட்டிருந்தார்கள். பூங்கோதை மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மாசிலாமணிக்கு மனசு ஒடிந்துவிட்டது. பெற்ற பெண்ணின் கண்ணீருக்கு நீலம் சிவப்பு தெரியுமா? நொண்டிக்கொண்டே நடந்து நடந்து யோசித்தார். அந்தக் கரும்பலகை ஞாபகம் வந்தது. இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் சிவப்பு. நடுவில் மேஜர் சாக்பீஸே படாமல் கறுப்பாக விட்ட இடம் ஒன்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நெடுஞ்சாலையின் நட்டநடுவில் ஜமக்காளம் விரித்தார்கள். தாம்பாளத்தைச் சரியாக வெள்ளைக்கோட்டின் மேல் வைத்தார்கள். எந்த நாட்டிலும் சேராத இடம் என்பதால் ஏகாம்பரம் மறுபேச்சுப் பேசாமல் வந்து உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் பேருந்துகள் வரிசை கட்டின. ஓட்டுநர்கள் ஹாரன் அடித்ததை மேளம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வெற்றிலை பாக்கு மாற்றும் நேரத்தில்தான் நீலப் படை தன் கடைசித் தாக்குதலைத் தொடங்கியது. பையன்கள் கல்லூரி வாசலிலிருந்து டுமீல் டுமீல் என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். விடுதியிலிருந்து சிவப்புப் படையும் பாய்ந்து வந்தது. நடுவில் ரத்தினம்மாள் எழுந்து நின்றாள். நல்ல காரியத்துக்கு வந்தவர்கள் சாப்பிடாமல் போகக் கூடாது என்று அவள் சொன்னதும் இரண்டு படையும் இலையில் உட்கார்ந்துவிட்டன. நடுவர் அங்கும் இங்கும் பார்த்தார். இலைக்கு முன்னால் உட்கார்ந்தவனைச் செத்தான் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அவரும் உட்கார்ந்தார்.

பேருந்துகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட மேஜர் ஜீப்பை விட்டு இறங்கி நடந்தே வந்து சேர்ந்தார். தன்னுடைய போர் முழுவதும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தார். கத்துவதற்கு வாயைத் திறந்தபோது யாருடைய கையோ பாயசத்தை நீட்டியது.

"பயிற்சி முடிஞ்சது" என்றார் கடைசியில். "இனிமே நீலமும் இல்ல, சிவப்பும் இல்ல. எல்லாரும் ரோட்டை விட்டு எழுந்திருங்க."

யாரும் சந்தோஷப்படவில்லை. பாடுபட்டு வெறுத்துப் பழகியிருந்தார்கள். திடீரென்று வேண்டாம் என்றால் அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? ஏகாம்பரம்தான் முதலில் தெளிந்தார்.

"ஐயா, அடுத்த வருஷம் கிழக்குப் பக்கம் நீலமாகும்னு வாக்குக் குடுத்தீங்களாமே?"

மேஜர் வாயில் முந்திரி இருந்தது. தலையை ஆட்டிவைத்தார். ஏகாம்பரத்துக்கு வேர்த்துவிட்டது. அப்படியானால் தன் வீடு சிவப்பாகிவிடும். தான் பரம்பரை நீலம் என்று அவர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். மூன்று நாள் பரம்பரை. மாசிலாமணிக்கும் அந்த வேதனை புரிந்தது. அவர் வீடு சிவப்பு வீடு, அது நீலமாவதை அவராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சம்மந்திகள் இருவரும் அங்கேயே கைகொடுத்து, வீட்டை மாற்றிக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். டீக்கடை நீலக் கடை என்பதால் அதைக் கிழக்கே கொண்டுபோவது என்றும் தீர்மானம் ஆனது.

"ஏங்க, கடையை மட்டும் மாத்துனா வீடும் கடையும் ஒரே பக்கமா இருக்குமே" என்றாள் ரத்தினம்மாள்.

மாசிலாமணி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். பெண்களுக்கு அரசியல் புரியாது என்று விட்டுவிட்டார்.

தை மாதம் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மறுநாள் பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். புகுந்த வீடு இப்போது கிழக்குத் தெருவில், அவள் பிறந்து வளர்ந்த அதே வீடு. ஆகவே பெண் வாசலிலேயே நிற்க, பெற்றவர்கள் சட்டி பானையை வண்டியில் ஏற்றிக்கொண்டு எருமையோடு கிளம்பினார்கள். ரத்தினம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். மாசிலாமணி இடது காலை நொண்டியபடி பாதிச் சாலை வரை போனவர், தாங்க முடியாமல் திரும்பினார்.

"போற இடத்துல நல்ல பேர் எடுக்கணும்மா. அப்பா அம்மாவையே நினைச்சுக்கிட்டு இருக்கக் கூடாது."

பூங்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்று தலையாட்டினாள். பிறகு திரும்பி, தான் பிறந்த வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்து, அடுப்படி எந்தப் பக்கம் என்று மாமியாரைக் கேட்டாள்.