நண்டுக் கொடியும் நாலு சிவப்புக் கொடியும்

ரொம்ப காலத்துக்கு முன்னால் கரும்பனூர் நாட்டை மகுடதுங்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் முதலில் யார் வந்து பேசுகிறார்களோ, அன்று முழுக்க அவர்கள் சொன்னதுதான் அவனுக்குச் சரி.

அன்று முதலில் வந்தவர் புலிப்படைத் தளபதி பராங்குசராயர்.

"மகாராஜா, புலிப்படை, சிறுத்தைப்படை, யாளிப்படை! கேட்டாலே எதிரிக்குக் குலை நடுங்கும். நடுவில் ஒரு நண்டுப்படை! வெள்ளைத் துணியில் கறுப்பு நண்டு. 'இந்தப் படை போருக்கா, குழம்புக்கா?' என்று பக்கத்து நாட்டுத் தூதர் கேட்கிறார். மானம் போகிறது!"

தூதர் அப்படி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. போன வருஷம் நண்டுப்படை மண்ணுக்கடியில் வளை தோண்டி, எதிரிக் கோட்டைக்குள் புகுந்து கதவைத் திறந்துவிட்டது. புலிகள் வந்து சேர்ந்தபோது சண்டையே முடிந்திருந்தது. அந்த எரிச்சல் ராயருக்கு.

"நண்டை எடுத்துவிட்டுச் சிங்கம் போடுங்கள். பழைய கொடியைக் கொளுத்திவிடுங்கள்" என்றான் ராஜா.

கொடி தைக்கும் அரும்பாயியின் காதுக்குச் சேதி வந்தது. ஊசி அப்படியே நின்றுவிட்டது. போரில் செத்தவர்களின் பேரைக் கொடியின் ஓரத்தில் தைத்துவைப்பது நண்டுப்படை வழக்கம். அதில் நாற்பத்திரண்டு பேர். கடைசிப் பேர் அவளுடைய அப்பாவினுடையது. வளை சரிந்து மண்ணோடு போனவர், உடல்கூடக் கிடைக்கவில்லை. அவர் இருந்தார் என்பதற்கு அந்தத் தையல் ஒன்றுதான் மிச்சம். அதைக் கொளுத்துவதாம்! சொல்வது யார்? சண்டை முடிந்தபின் வந்தவர்!

நேராகச் சபைக்குப் போனாள்.

"வாம்மா, அழப்போகிறாயா?" என்றார் ராயர்.

"எதற்கு ஐயா அழணும்? சிங்கக் கொடியை நானே தைக்கிறேன். மற்ற மூன்று படைக் கொடிகள் மாதிரியே சிவப்புப் பட்டு, தங்க ஜரிகை. மகாராஜா, ஒன்றே ஒன்று. புதுக் கொடியை ஏற்றிப் போர்முரசு கொட்டிப் பார்த்துவிடுவோம். முரசு கேட்டதும் அவனவன் தன் கொடியடியில் போய் நிற்க வேண்டுமே? அதுவரை பழையதைக் கொளுத்த வேண்டாம்."

"அவ்வளவுதானே! எப்போது?"

"நாளை மறுநாள் உச்சிவேளையில்."

வேடிக்கை என்றதும் ராஜா ராணியையும் பல்லக்கில் அழைத்து வந்துவிட்டான். மைதானத்தில் இலை அசையவில்லை. நாலு கொடிகளும் கம்பத்தில் துவண்டு தொங்கின. முரசு அதிர்ந்தது. நாலாயிரம் பேர் ஓடிய ஓட்டத்தில் தூசி எழும்பியது பாருங்கள், பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியவில்லை! தெரிந்ததெல்லாம் சிவப்பும் ஜரிகையும்தான். எது வால், எது பிடரி?

"இது நம்ம கொடிடா!" "போடா, அது சிறுத்தை!" என்று ஒரே கூச்சல். ராயர் வாளை உருவி, "என் புலிகளே, வணங்குங்கள்!" என்று கர்ஜித்தார். வணங்கியவர்கள் யாளிப்படையினர். ஐநூறு பேர் ராணியின் பல்லக்குக்கு முன்னால் விறைப்பாக நின்றார்கள். அதன் திரையும் சிவப்புப் பட்டு!

அப்போது அரும்பாயி மைதானத்து மூலையில் பழைய கொடியை உயர்த்தினாள். தூசிக்குள் பளிச்சென்று ஒரு வெள்ளை. கண் இமைக்கும் நேரத்தில் நண்டுப்படை முழுவதும் அதனடியில் கூடிவிட்டது.

"காற்றில்லை மகாராஜா! அதனால்தான்..." என்றார் ராயர்.

"எதிரி காற்றடிக்கும் நேரம் பார்த்தா வருவான், ஐயா?" என்றாள் அரும்பாயி. "நம்ம ஆள் தன் இடத்தைக் கண்டுபிடிக்கத்தானே கொடி? எங்கள் படை வளை தோண்டியது, அதனால் நண்டு. உங்கள் படை என்ன செய்தது என்று அந்தப் புலி சொல்லுமா?"

ராஜா சிரித்தேவிட்டான். "பழைய கொடி பறக்கட்டும். இனி எவனும் அதைத் தொடக்கூடாது!" என்றவன் புலிப்படைப் பக்கம் திரும்பினான். "அவள் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். கோட்டை விழுந்த அன்று நீங்கள் என்ன செய்தீர்கள்?"

 புலிகளில் பொய் சொல்லத் தெரியாத ஒரு வீரன் வாய் திறந்தான்.

"வெற்றி விருந்தில் முதல் பந்தி நாங்கள்தான், மகாராஜா."

"அப்படியா! அரும்பாயி, அந்தப் புலியைப் பிரித்துவிடு. அகப்பை தை."

"மகாராஜா!" என்று அலறினார் ராயர்.

அவள் ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள்: "அகப்பையில் சோறு இருக்கணுமா ஐயா, காலியாகவா?"