வெறும் கை

இந்தச் சம்பவத்தை இருபத்தைந்து வருடங்களாக நான் முழுதாக நம்பியதில்லை. சொன்னவர் டாக்டர் பூவராகன். பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் அவருக்குப் பயிற்சி கொடுத்த பெரிய டாக்டர் எஸ்தர் மேடம் "ம்", "போங்க" என்பதைத் தாண்டிப் பேசி நான் கேட்டதே இல்லை.

அப்போது அவர்கள் இருவரும் இருந்த ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். ஓட்டுக் கட்டடம், ஸ்பிரிட் வாசனை, மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தபடி ஆறவிட்ட டீ. அதன் ஆடை இன்றும் உதட்டில் ஒட்டுவதுபோல் இருக்கிறது. அங்கே வார்டில் கிடந்த நஸ்ரின் என்ற குழந்தையின் ரத்த அணுக்களை எண்ணியவன் நான்தான். அவளைப் பார்த்ததில்லை.

நான்கு வயது. தோல் உடம்போடு சரியாக ஒட்டாத பிறவி நோய், உரசினால் கழன்றுவிடும். பூவராகன் அங்கே பயிற்சி டாக்டர். முதல் நாள் ரத்தம் எடுத்ததும், கைப்பழக்கத்தில், ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்டர் ஒட்டிவிட்டார். உரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது.

அதன்பிறகு அவர் தலை தெரிந்தாலே வார்டில் அலறல்.

"உம்மா, பிளாஸ்டர் மாமா வர்றாரு!"

ஒரு மாதம் கழித்து, என் ரிப்போர்ட்டோடு மேடத்திடம் போனார்.

"மேடம், புண்ணுல கிருமியே இல்ல. ஆனா எதிர்ப்பு அணுக்கள் மத்த பிள்ளைங்களைவிட மூணு மடங்கு. இல்லாத எதிரியோட எதுக்குச் சண்டை?"

மேடம் ரிப்போர்ட்டை வாங்கவில்லை.

"வாங்க."

நஸ்ரின் கட்டிலில் உட்கார்ந்து, உப்புநீரில் ஊறிய புண்கட்டுத் துணியைத் தானே இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தாய் பக்கத்தில் உப்புநீர்க் கிண்ணம் பிடித்திருந்தார்.

"கையை நீட்டுங்க," என்றார் மேடம்.

பூவராகன் நீட்டினார். குழந்தை வெடுக்கென்று பின்வாங்கினாள். முழங்கை சுவரில் உரசி, புதிதாகத் தோல் கழன்றது.

"உங்க கையில என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல மேடம். வெறும் கை."

"அதை அவகிட்ட சொல்லுங்க."

மறுநாளிலிருந்து உப்புநீர்க் கிண்ணத்தை அவரே கொண்டுபோனாராம். எட்ட வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாராம்.

மேடம் இன்று இல்லை. ஓட்டுக் கட்டடமும் இல்லை. போன மாதம் பூவராகனைப் பார்க்கப் போனேன். மேடம் உண்மையில் அப்படித்தான் சொன்னாரா என்று கேட்டுவிடத்தான் போனேன். இத்தனை வருடம் என்னை அரித்தது அதுதான் என்று நினைத்திருந்தேன்.

வாயில் வந்தது வேறு.

"டாக்டர், நஸ்ரின் எப்பவாவது தானா உங்ககிட்ட கையை நீட்டினாளா?"